அத்தையின் ஜெபமாலை

அடக்கத்தன்று அத்தையின் விரல்களில் சுற்றியது கடையில் வாங்கிய வெள்ளை ஜெபமாலை. அவர் தினமும் உருட்டிய மர மாலை, குவிபிள் தீவுக் கல்லறையிலிருந்து அபிராமபுரம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு தலையணைக்கடியில் கிடைத்தது. ஒரு வகையில் எனக்கு லாபம்.

மொத்தம் 59 மணிகள். அருள் நிறை மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6. பத்து மணி முடிந்ததும் சிறு இடைவெளி, ஒரு தனி மணி, மறுபடி இடைவெளி. மின்சாரம் போன இருட்டிலும் எங்கே நிற்கிறோம் என்று விரலே சொல்லிவிடும். ஒவ்வொரு மணியின் துளையிலும் கம்பி நுழைத்து, இரு முனைகளையும் குறடால் வளையமாக்கி அடுத்ததோடு கோத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் மற்ற மணிகள் சிதறாது. அப்படி விட்டுப்போன ஓரிடத்தில் அத்தை சின்ன ஊக்கு ஒன்றை மாட்டியிருக்கிறார். பொற்கொல்லரிடம் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

போப் இரண்டாம் ஜான் பால் 2002இல் ஜெபமாலையில் வியாழக்கிழமைக்கென்று ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தார். லஸ் கோவிலில் கூட்டத்தோடு சொல்லும்போது அத்தையும் அதையே சொல்வார். வீட்டில் மட்டும் வியாழனுக்குப் பழைய சந்தோஷ தேவ இரகசியங்கள்தான். "மாதா ரெண்டையும் கேப்பாங்கடா" என்பார்.

முதல் பத்து மணிகள் தேய்ந்து பளபளக்கின்றன. கடைசிப் பத்தில் அந்த மெருகு இல்லை. நடுவிலேயே தூங்கிவிடுவார், காலையில் கேட்டால், முழுக்கச் சொல்லி முடித்ததாகவே சாதிப்பார்.