வேதநாயகர் எழுத்தில் சட்டமும் அன்பும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் புதினத்தைத் தந்தவர் என்றே பெரும்பாலோர் அறிவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அப்புகழுக்கு முற்றும் உரியதே. ஆயினும் அவ்வொரு பெருமையையே பேசிப் பேசி, அவருடைய எழுத்துகள் அனைத்தையும் இயக்கிய கேள்வி ஒன்றை நாம் மறந்துவிட்டோம். அரசுக்குக் கீழ்ப்படிதலும் பிறரிடத்து அன்பு செலுத்துதலும் ஒரு கிறித்தவனுக்கு இரு கடமைகளா, அன்றி ஒரே கடமையா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியின் வேர் விவிலியத்தில் உள்ளது. புனித பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம், முற்பகுதியில் ஆளும் அதிகாரத்துக்கு அடங்கி நடக்கவும் வரி செலுத்தவும் பணிக்கிறது. பிற்பகுதியோ, கட்டளைகள் யாவும் பிறனைத் தன்னைப்போல் நேசித்தலில் அடங்கும் என்கிறது. ஆள்வோர் முற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டுதல் உலக வழக்கம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்குத் துணைநின்றோர் அவ்வாறே செய்தனர். 1985-இல் அந்நாட்டு இறையியலார் வெளியிட்ட 'கைரோஸ் ஆவணம்' அதனை மறுத்துரைத்தது.

வேதநாயகர்க்கு இஃது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றியவர். பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக அமர்ந்தவர். காலையில் வழிபாடும் பகலில் வழக்குமாக வாழ்ந்த ஒருவர், இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்தார் என்பதை அவருடைய நூல்களே காட்டுகின்றன.

1859-இல் வெளிவந்த 'நீதிநூல்' ஆள்வோர் நெறியையும் குடிகள் நெறியையும் ஒருங்கே பேசுகிறது. கவிதை என்ற அளவில் நோக்கின், அதன் செய்யுள்கள் பல வெறும் அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன என்று கூறுதல் தவறாகாது. ஆனால் கையூட்டைக் கண்டிக்குமிடத்துச் சொல்லில் சூடேறுகிறது. கையூட்டு, சட்டத்தை மீறும் குற்றம் மட்டுமன்று. வழியற்றவன் வயிற்றில் அடிக்கும் அன்பின்மையும் ஆகும். சட்டமும் அன்பும் சந்திக்கும் இடத்தை ஆசிரியர் இங்கே கண்டுகொள்கிறார்.

அடுத்த படி 'சித்தாந்த சங்கிரகம்'. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த நூல் இது, 1862-இல் வெளிவந்தது. இலக்கிய வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ இதுவே அவருடைய சமயப் பற்றின் சிறந்த சான்றாகத் தோன்றுகிறது. சட்டத்துக்கு அடங்கு என்று சொல்பவன், அதனை அடங்க வேண்டியவனின் மொழியில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா? எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பிழைப்புத் தேடி வந்த நம்முள் பலர், கன்னடப் படிவம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாயிலில் திகைத்து நின்றவர்களே. அந்தத் திகைப்பை அறிந்தோர்க்கு அந்நூலின் அருமை எளிதில் விளங்கும்.

புதினத்திலும் இதே குரல் கேட்கிறது. அரசனற்ற விக்கிரமபுரியில் நீதி தடுமாற, பிரதாப முதலி சிறைப்படுகிறான். ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் அரசேற்று அவனை மீட்கிறாள். தமிழர் நடுவே ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞர் போக்கையும் கண்டிக்கிறாள். கதையை நிறுத்திவிட்டு அறவுரை தொடங்குவது இப்புதினத்தின் குறை. எனினும் விக்கிரமபுரிப் பகுதியில் அறவுரையே கதையின் உயிராகிவிடுகிறது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் இம்மைசூர்ச் சீமையையும் வாட்டிய கொடும் பஞ்சம் அவருடைய கொள்கைக்கு உரைகல்லாயிற்று. அவர் தம் பொருளை வழங்கிப் பசித்தோரைக் காத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். 1878-இல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை', பிறன் என்பவனுக்குச் சமய வேலி இல்லை என்பதைப் பாட்டிலும் நிறுவியது.

இங்கு ஒரு குறையையும் மறைத்தலாகாது. அதே பஞ்சத்தில், 1877-இல், நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைக்குமாறு செய்தார் ரிச்சர்டு டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவ்வுணவு உடலுழைப்புக்குப் போதாது என்று எதிர்த்து எழுதினார். வேதநாயகர் பாடல்களிலோ இறைவனிடம் முறையீடே மேலோங்கி நிற்கிறது. அரசை நோக்கிய வினா மெலிந்தே ஒலிக்கிறது. அன்பு கஞ்சித் தொட்டியோடு நில்லாது, கட்டளையின் நேர்மையையும் வினவ வேண்டும். அதிகாரியாக இருந்துகொண்டே அதனைச் செய்ய முடியும் என்பதற்குக் கார்னிஷ் சான்று.

எனினும் வேதநாயகர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் பெரிது. வரியைத் தவறாமல் செலுத்துகிறோம், வரிசையில் நிற்கிறோம், விதிகளை மீறுவதில்லை. இவ்வளவோடு கடமை தீர்ந்தது என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது, திருமுக அதிகாரத்தின் பாதியை மட்டும் படிப்பதாகும். நம் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் வடபுலத்துக் காவலாளிக்கும் ஒரு படிவம் இருக்கும்; அதனை நிரப்பித் தருவாரின்றி அவரும் திகைத்து நிற்பார். கோப்புகளோடு வாழும் என் போன்றோர்க்கும் சேர்த்தே சொல்கிறேன்: அப்படிவத்தைக் கையில் வாங்கி அமரும்போதுதான் மாயூரத்து முன்சீப்பை நாம் படித்தவர்களாவோம்.