பாட்டு யாருடைய சுருதியில்?



அடுத்த முறை சபைகூடலில் தமிழ் வாழ்த்து பாடும்போது பாட்டைக் கேட்காதீர்கள், மாணவர்களின் வாயைப் பாருங்கள். படிவம் ஒன்று பிள்ளைகள் பாடுவார்கள். பெண்பிள்ளைகள் பாடுவார்கள். படிவம் மூன்று பையன்கள் பலர் வாயை மட்டும் அசைப்பார்கள். ஸ்பீக்கரில் ஓடுகிற பதிவு அவர்களுக்கும் சேர்த்துப் பாடிவிடுகிறது.

சபாக் பக்கம் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நான், இதை மொழிப்பற்றுக் குறைவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். போட்டிக்கு ஆள் எடுக்கும்போது ‘குரல் வளம்’ என்ற கட்டத்தில் அந்தப் பையன்களுக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டேன். தப்பு என் மேல்தான். நான் பாடிக் காட்டியது ஐந்து கட்டையில். என் தொண்டைக்கு அது சுகம். ஒரு பையன்தான் சொன்னான்: “டீச்சர், மேல போனா தொண்ட கிழியுது. கீழ போனா சத்தமே வரல.”

அவன் சொன்னது உண்மை. பையன்களுக்குப் பதின்ம வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. என் சுருதிக்கு மேலேயும் அவனால் போக முடியவில்லை, ஒரு ஸ்தாயி கீழேயும் நிற்க முடியவில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் ஒலிப்பது கவிஞர் சீனி நைனா முகம்மதுவின் தமிழ் வாழ்த்து. தமிழ்நாட்டில் மனோன்மணியம் சுந்தரனாரின் 1891ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து எடுத்து, எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்த வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழ்நாடு அரசு, முல்லைப்பாணியில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றது. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடாமல், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாட வைக்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல முடிவு. ஆனால் பள்ளிக்கு இது பாதி வழிதான். நமக்குப் பயிற்சி பெற்ற நான்கு பேர் பாடினால் போதாது. நிற்கிற எல்லாரும் பாட வேண்டும்.

“சுருதியை இறக்கினால் பாட்டின் கம்பீரம் போய்விடும்” என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சத்தில் பாடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். உச்சக் குரல் அன்றைய மேடையின் தேவை. இன்று மைக் இருக்கிறது.

“பண் மாறிவிடாதா?” என்பது இன்னொரு கேள்வி. மாறாது. முல்லைப்பண் என்பது குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி ஆகிய ஐந்து சுரங்களுக்கு இடையே உள்ள தூரம். எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்கினால் அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கும். சிலப்பதிகாரம் நடத்தும்போது நாம் சொல்லிக் கொடுக்கும் பண்ணுப்பெயர்த்தல் வேறு. அங்கே நரம்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, குரலின் இடம் மட்டும் நகரும். அதனால் வேறு பண் பிறக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செய்வது எப்படி? எனக்குக் கை கொடுத்தவன் கித்தார் வாசிக்கும் ஒரு படிவம் ஐந்து மாணவன். முதலில் பாட்டின் உச்ச சுரத்தையும் அடி சுரத்தையும் கண்டுபிடித்தோம். பிறகு பையன்களும் பெண்களும் சிரமமில்லாமல் தொடும் இடத்தைத் தேடினோம். ஐந்து கட்டை என்பது கித்தாரில் ஜி. அதைச் சி-க்கு, அதாவது ஒன்றாம் கட்டைக்கு மாற்றினோம். ஜி இருந்த இடத்தில் சி, சி இருந்த இடத்தில் எஃப், டி-க்கு ஜி, ஈ மைனருக்கு ஏ மைனர். அவ்வளவுதான். எஃப் பிடிக்க மட்டும் புதியவர்களுக்கு விரல் வலிக்கும்.

சி கொஞ்சம் தாழ்வாக இருந்தது. கித்தார்க் கழுத்தில் மாட்டும் கேப்போவை முதல் கட்டத்தில் போட்டதும் ஒன்றரைக் கட்டை; இரண்டாவதில் இரண்டு கட்டை. பிடிக்கிற விரல் மாறாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: கேப்போ ஏற்றத்தான் செய்யும், இறக்காது. அதோடு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அரைக் கட்டை கிடையாது. ஏழிலிருந்து மேல் ஒன்றுக்குப் போகும்போதும் அப்படித்தான்.

நாங்கள் இரண்டு கட்டையில் நின்றோம். பெண்பிள்ளைகள் மேல் ஸ்தாயியில், பையன்கள் கீழ் ஸ்தாயியில், ஒரே சுருதி. இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பாடுகிற இரண்டு பெண்பிள்ளைகள், “டீச்சர், பாட்டு மங்கிப் போச்சு” என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்; தனிப்பாடல் போட்டியில் அவர்கள் தங்கள் சுருதியிலேயே பாடட்டும். கூட்டுப் பாடலுக்குக் கணக்கு வேறு.

அந்தப் பையன் அன்றைக்குப் பாடினான். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது அவனுடைய சொந்தக் குரல். குரல் உடைகிற வயதில் “உனக்குப் பாட வராது” என்று கேட்டவன், பிறகு தமிழ்ப் பாட்டு என்றாலே பின்வரிசைக்குப் போய்விடுகிறான். ஆகவே மதிப்பெண் தாளை எடுப்பதற்கு முன் சுருதியைக் கேளுங்கள்: இது யாருடைய தொண்டைக்கு வைத்தது?