நுண்ணுணர்வும் துல்லியமும்: காபன் நனோக்குழாய் இழையுணரிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரைகளில் இன்று ஏற்றி வைக்கப்பட்டுள்ள மீன்பிடிப் படகுகளுட் பல, கண்ணாடியிழையும் குங்கிலியமும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. மரம் பழுதுறின் உளுத்தலும் பிளத்தலும் கண்ணுக்குப் புலனாகும். கூட்டுப்பொருளிலோ உள்ளே அடுக்குகள் பிரிந்த பின்னும் மேற்பரப்பு மாசின்றி விளங்குதல் கூடும். ஆதலின் அனுபவமுடையோர் தட்டிப் பார்த்து, ஓசையால் உறுதியைத் தேர்வர். அவ்வோசைக்கு மாற்றாகப் பொருளினுள்ளேயே ஓர் உணரியைப் பதித்து வைத்தல் இக்காலப் பொறியியலாரின் நோக்கமாகும்.

யப்பானிய அறிஞர் சுமியோ இயிஜிமா 1991 இல் வெளியிட்ட ஆய்வினாற் புகழ்பெற்ற காபன் நனோக்குழாய்களை நூலாக நூற்று இவ்வுணரியை ஆக்குவர். பொருள் நீளுங்கால் நூலின் மின்தடை மாறும். அம்மாற்றத்தினின்று விகாரம், அதாவது நீட்சியின் விகிதம், கணிக்கப்படும். நூல் மிக மெல்லியதாதலின் பொருளின் வலிமையைப் பெரிதும் குலைப்பதில்லை. இஃது இதன் சிறப்பு.

ஆயினும், நுண்ணுணர்வையும் துல்லியத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. சிறு மாற்றத்தையும் காட்டுதல் நுண்ணுணர்வு. காட்டியது மெய்யாதல் துல்லியம். உணரி நேரே அளப்பது தடையையே, விகாரத்தையன்று. தடையோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் மாறும். ஓர் எடுத்துக்காட்டு நோக்கற்பாலது. விகாரத்தின் இரு மடங்காகத் தடைமாற்றம் காட்டும் உணரியில் 0.1 சதவீத விகாரம் 0.2 சதவீத மாற்றத்தை விளைக்கும். வெப்பநிலை ஒரு பாகை உயரத் தடை 0.1 சதவீதம் மாறுமெனக் கொள்ளின், காலைக்கும் நண்பகலுக்கும் இடையே படகு 10 பாகை சூடேறுதல் 1 சதவீத மாற்றத்தைத் தரும். அலை தந்த குறியினும் வெயில் தந்த குறி ஐந்து மடங்கு பெரிதாகிவிடும்.

மற்றொரு குறையும் உண்டு. குங்கிலியம் இறுகுங்கால் சுருங்கி நூலை நெருக்கும். நூலினுட் புகுந்து குழாய்களின் தொடுகையையும் மாற்றும். எனவே பதிக்குமுன் செய்த அளவுத்திருத்தம் பதித்தபின் செல்லாது. பதித்ததை வெளியே எடுத்துச் சோதித்தலும் இயலாது.

இவற்றிற்குத் தீர்வு இல்லாமலில்லை. சுமை தாங்காத துணைநூல் ஒன்றை அதே பொருளிற் பதித்து, அதே வெயிலில் வைத்து, இரண்டின் வேறுபாட்டைக் கொள்ளல் வேண்டும். பதித்தபின் அறிந்த சுமைகளைப் பன்முறை ஏற்றியும் இறக்கியும் ஒப்பிட்டு, தடை பழைய நிலைக்கு மீள்கின்றதா என்று காணல் வேண்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்திற் பெற்ற பிழையெல்லையை உப்புக்காற்று வீசும் கரைக்கும் உரியதெனக் கூறுதல் முறையன்று.

பொய்யான அபாயக்குறியால் ஒரு நாளைத் தொழில் கெடும். பொய்யான நலக்குறியால் உயிரே கெடும். இவ்விரண்டும் எத்துணை முறை நேரும் என்பதை உணரியை ஆக்குவோர் கடற்கரையிலேயே சோதித்து உரைக்கும்வரை, தட்டிப் பார்க்கும் கைக்கு ஓய்வு கொடுத்தல் தகாது.