நம்ம சீட்டு வேற மாதிரி சார்!

ஏலச்சீட்டு போட்டு ஏமாந்த அனுபவம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் சீட்டு நடத்தியவர், ஒருநாள் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். அது பெரிய விஷயமில்லை. அன்று சாயங்காலமே, அடுத்த தெருவில் ஒழுங்காகச் சீட்டு நடத்திய அக்கா வீட்டு வாசலில் கூட்டம். 'எங்க பணத்தை இப்பவே எண்ணி வைங்க!' பாவம், அவரும் நொடித்துப்போனார்.

நாடுகளின் கதையும் இதேதான் என்கிறது, கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2009-ல் எழுதிய 'திஸ் டைம் இஸ் டிஃபரன்ட்'. 66 நாடுகள், 800 வருடக் கடன் கணக்கு! 1997-ல் தாய்லாந்தின் 'பாத்' சரிந்ததும் இந்தோனேசியா, தென்கொரியா என்று பயம் பரவியதே, அதுதான் 'அடுத்த தெரு அக்கா' கதை. 'இந்தத் தடவை வேற மாதிரி' என்று நம்பித்தான் திரும்பத் திரும்பக் கவிழ்ந்திருக்கிறார்கள் என்கிறார்கள் இருவரும். சபாஷ்!

ஆனால், அடுத்த வருடமே இதே ஜோடி ஒரு கட்டுரை எழுதியது. உற்பத்தியில் 90 சதவிகிதத்தைக் கடன் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடுமாம். வெளிநாட்டு அரசியல்வாதிகள் இதைக் காட்டியே மக்கள்நலச் செலவை வெட்டச் சொன்னார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்பில் கொடுத்த வேலைக்காகக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். எக்செல்லில் 5 நாடுகள் விட்டுப்போயிருந்தன! மற்ற கோளாறுகளையும் சரிசெய்தால், மைனஸ் 0.1 சதவிகித வளர்ச்சி, ப்ளஸ் 2.2 ஆனது. பக்கத்துப் பல்கலை நகரில் படிக்கிற தம்பி, தங்கைகளே... பெரியவங்க கணக்கையும் ஒருதடவை கூட்டிப் பாருங்க!

ஜப்பானின் கடன் 200 சதவிகிதத்தைத் தாண்டியும் நாடு நிற்கிறது. இலங்கையோ 2022 ஏப்ரல் 12-ம் தேதி 'வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது' என்று கைவிரித்தது. ஜப்பான் வாங்கியது பெரும்பாலும் சொந்த மக்களிடம், சொந்தப் பணத்தில். இலங்கை கட்டவேண்டியது டாலரில். கஜானாவிலோ டாலர் இல்லை. ஆக, எவ்வளவு கடன் என்பதைவிட யாரிடம், எந்தப் பணத்தில், எப்போது கட்டணும் என்பதுதான் கேள்வி.

பி.காம் படித்தவன் என்பதால் புத்தகத்தின் அட்டவணைகளை ரசித்தேன். ஆனால், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கொழும்புக்காரரும், அந்த மார்ச்சில் பிள்ளைகளோடு படகில் தனுஷ்கோடி வந்திறங்கிய குடும்பங்களும் எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள். கடன் வாங்கியது அரசாங்கம். கட்டியது அவர்கள்!

படிக்கலாமா? அவசியம் படியுங்கள். கையில் ஒரு கால்குலேட்டரோடு!