நத்தை விமானம் ஏறியது, பந்தி ஏறவில்லை

2025 ஜூன் 16 அன்று சிகாகோ மேடையில் வேட்டி கட்டிய ஒரு சமையல்காரர் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். பெயர் விஜய் குமார். நத்தம் பக்கத்து அரசம்பட்டிக்காரர். கப்பலில் சமைத்து, கலிபோர்னியாவில் சமைத்து, 2021இல் நியூயார்க்கில் திறந்த 'செம்ம' உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் ஆனவர். தமிழ்நாட்டுக் கறுத்த பையன் ஒருவன் இப்படியொரு இடத்துக்கு வருவான் என்று தான் நினைத்ததில்லை என்றார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று எதுவும் இல்லை, எல்லாம் சாப்பாடுதான் என்றார். மேசையைச் சுற்றி மனிதர்கள் ஒன்றுகூடுவதே உண்மையான ஆடம்பரம் என்றும் சொன்னார்.

நாமும் கைதட்டினோம். அந்தக் கறுப்புக்குத் தட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சைத் தமிழ்நாட்டில் எடுத்துப் பரப்பியவர்களின் உற்சாகத்தைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏழை உண்டு, பணக்காரன் உண்டு. சாதி எங்கே? விஜய் குமார் என்ன சாதி என்பது நம் கேள்வியல்ல. அமெரிக்க மேடையில் பேசியவர் அங்கே புரிகிற சொல்லில் பேசினார். அதையே இங்கே கொண்டுவந்து, 'பாத்தியா, சாப்பாட்டுல வித்தியாசம் இல்ல' என்று ஊர் சொல்லும்போதுதான் சேரி வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

'செம்ம'வில் பேர்பெற்ற பதார்த்தம் நத்தைப் பிரட்டல். வயல் நத்தையை நாம் தின்றால் அது 'நத்தை தின்னுற சாதி'. அதையே மேல்சாதிக்காரர் மூலத்துக்கென்று கேட்டு வாங்கித் தின்றால் மருந்து. நியூயார்க்கில் தின்றால் மிச்லின் நட்சத்திரம். மூன்று இடத்திலும் நத்தை ஒன்றுதான். தின்னுகிற வாய்தான் வேறு. நத்தை பொறுக்கிய வயல் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதியது 1891இல். அதன் பின்னால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நிலம் உள்ளவனுக்கு நத்தை பொறுக்கியது இளமை நினைவு. நிலம் இல்லாதவனுக்கு அது அன்றைக்கு ராத்திரிக் குழம்பு.

சமையல்காரர்களின் சிந்தனைகள் என்று இப்போது நிறைய வருகின்றன. பாட்டி கைமணம், அப்பாவின் பாசம், நண்பன் காட்டிய வழி, முதல் விமானப் பயணம் என்று ஒரு வாய்பாடு அவற்றில் இருக்கிறது. மராத்தியில் ஷாகு பாட்டோலே 2015இல் எழுதிய சமையல் நூல் இந்த வாய்பாட்டை உடைத்தது. அன்னமே பூரண பிரம்மம் என்கிற வாசகத்தை, அன்னம் அபூரண பிரம்மம் என்று தலைப்பிலேயே திருப்பிப் போட்டவர் அவர். மகர், மாங் சாதிகளின் சமையல் முறையைச் சொல்லும்போதே, அந்தக் கறி ஏன் இவர்கள் தட்டுக்கு வந்தது என்பதையும் சொல்கிறார். 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தமிழில் அப்படியொரு நூலுக்குச் சேரியில் சரக்கு இல்லையா என்ன?

இந்தச் செங்கல்பட்டுக் கடற்கரையிலேயே அப்பனும் நட்பும் விமானமும் சேர்ந்த கதை இருக்கிறது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த கூட்டாளிகள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் பறந்தார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தடம் பார்க்கிற இந்தப் படிப்பைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. அப்பன் பின்னால் காட்டில் நடந்த பிள்ளைக்கு வந்தது. அந்த அப்பன்தான் வரப்பை வெட்டி எலி பிடித்தான். எலி வளையில் சேர்த்து வைத்திருந்த நெல்லையும் சேர்த்து அள்ளிவந்து பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினான். மழை விட்ட ராத்திரி, புற்றுப் பக்கத்தில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து கொடுத்தான். பறக்கிறதைப் பிடித்துத் தின்ற குடும்பத்திலிருந்து பறந்தவர்கள் இவர்கள். பாம்பு பிடிக்கிற அவர்கள் கைக்கு விருது உண்டு. அதே கை வறுத்த ஈசலைப் பள்ளிக்கூடத்தில் திறந்து தின்னும் பிள்ளைக்கு என்ன உண்டு? டப்பா மூடியைப் பாதி மூடி, கையால் மறைத்துக்கொண்டு தின்ற பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! தான் ஊட்டியதைப் பிள்ளை வெளியில் சொல்லக் கூசுகிறதைப் பார்க்கிற அப்பனின் வலி எந்தச் சமையல்காரர் சிந்தனையிலும் வரவில்லை.

மேசையைச் சுற்றி ஒன்றுகூடுவது என்கிறார்களே, அதற்கு மாமல்லபுரமே சாட்சி. 2019 அக்டோபரில் இங்கே கடற்கரைக் கோயில் பக்கத்தில் சீன அதிபருக்குப் பிரதமர் விருந்து வைத்தார். சாம்பார், ரசம், கவுனரிசி அல்வா என்று தமிழ்ச் சாப்பாட்டுக்கு உலகமெங்கும் பேர். இரண்டு வருஷம் கழித்து, 2021 அக்டோபரில், அதே ஊர் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்கார வந்த பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணை எழுந்து போகச் சொன்னார்கள். அவர் அதை வீடியோவில் கேட்ட கேள்வி நாடு முழுக்கப் போனது. அக்டோபர் 29 அன்று அமைச்சர் சேகர்பாபு வந்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். நல்லதுதான். ஆனால் அந்த இலையில் இருந்தது சோறும் குழம்பும்தானே? நத்தையும் இல்லை, எலியும் இல்லை. அசைவம் தின்கிறவர் என்று சாக்குச் சொல்லக்கூட அங்கே வழியில்லை. பிரச்சினை பதார்த்தத்தில் இல்லை, பக்கத்தில் உட்காருவதில் இருக்கிறது.

அதனால்தான், சாப்பாட்டுக்கு விருது கிடைத்தால் சாப்பிடுகிறவனுக்கு மரியாதை கிடைத்துவிடும் என்கிற கணக்கு தப்பு என்கிறோம். நத்தை நியூயார்க் போய்விட்டது. பூஞ்சேரியிலிருந்து கோயில் பந்திக்கு நடக்கிற தூரம்தான், அதற்கு ஒரு அமைச்சர் வரவேண்டியிருந்தது.

நம் அடுப்பை நாமே எழுத வேண்டும், தோழர்களே. எலியும் ஈசலும் நத்தையும் எப்படிச் சமைத்தோம் என்பதோடு, யார் வீட்டுக்கு அதை எடுத்துப்போக முடியாமல் இருந்தது என்பதையும், யார் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உப்பு, மிளகாய் அளவோடு அதையும் எழுதினால்தான் அது நம் சமையல் குறிப்பு.