மூன்று பிடி மண்ணும் சி. வி.யின் தேயிலைத் தோட்டமும்

பெல்மதுளையில் 'தோட்டம்' என்றால் ஒரே பொருள்தான்: றப்பரும் தேயிலையும் நட்ட, லயமும் பெரட்டுக்களமும் உள்ள இடம். தமிழ் பைபிளில் ஆதாமும் ஏவாளும் வாழ்ந்ததும் 'ஏதேன் தோட்டம்'. நாங்கள் சுவனம், சுவனச் சோலை என்று சொல்லிப் பழகியவர்கள். அதனால் இந்த ஒற்றுமை எங்கட காதில் விழுவதில்லை. லயத்துக் கிறிஸ்தவப் பிள்ளைக்கு விழும். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' நெடுங்கவிதையை நான் இந்தச் சொல்லிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். சக்தீ பாலையாவின் தமிழாக்கத்துக்கும் பேர் 'தேயிலைத் தோட்டத்திலே'.

இதை உரிமைக் குரலாகப் படிப்பதே வழக்கம். அது சரிதான். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. வி. 1948, 1949 சட்டங்கள் தன் மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்ததைக் கூட இருந்து பார்த்தவர். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துவது, செத்தவர்களைப் பற்றி அவர் சொல்லும் இடம். தேயிலைக்கு அடியில் அவர்கள் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். மேலே பூவில்லை, நினைவுக்கு ஓர் அடையாளமில்லை என்கிறார்.

இந்த மண் எங்கிருந்து வந்தது? ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாமுக்குக் கிடைக்கும் தீர்ப்பில், வியர்வை சிந்தி உண்பதும் மண்ணுக்குத் திரும்புவதும் ஒரே வசனத்தில் வருகின்றன. அங்கிலிக்கன் அடக்க ஆராதனையிலும் அந்த மண் உண்டு. வெள்ளைக்காரத் தொரைமாரின் குழிக்குப் பக்கத்தில் நின்று பாதிரியார் சொன்ன ஜெபம் அது. அவர்களுக்குக் கல்லும் இருந்தது, கல்லில் பேரும் இருந்தது. 1879இல் காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறையை போகவந்தலாவை தேவாலய வளவில் இன்றைக்கும் பார்க்கலாம். அந்த ஜெபத்தின் ஒலியை எடுத்து, கல்லே இல்லாத கூலிக்காரனுக்குச் சி. வி. ஓதிவிட்டார். ஆங்கிலத்தில் எழுதியதால்தான் இது முடிந்தது. தமிழில் 'மண்' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பாதிரியாரின் குரல் கேட்காது.

எங்களுக்கு வேறொரு குரல் கேட்கும். கப்றில் மூன்று பிடி மண் போடும்போது ஓதுகிறோமே, தாஹா அத்தியாயத்தின் 55ஆம் வசனம்: மண்ணிலிருந்து படைத்தது, மண்ணுக்கே மீட்பது, மண்ணிலிருந்தே மறுபடி எழுப்புவது. பிடிக்கு ஒன்றாக மூன்று. அதே அத்தியாயத்தில்தான் ஆதம் நபியின் கதையும் வருகிறது. சோலையைவிட்டு வெளியேறினால் கஷ்டப்படுவாய் என்று அல்லாஹ் முன்கூட்டியே எச்சரிக்கிறான். பின்னர் மன்னித்துத் தேர்ந்தெடுக்கிறான். பைபிளில் உள்ளதுபோல நிலம் சபிக்கப்படுவதில்லை. உழைப்பு பரம்பரைத் தண்டனையாக இறங்குவதுமில்லை. சி. வி.யின் தொழிலாளி எந்தப் பாவத்துக்காகவும் வியர்க்கவில்லை. அவனை வியர்க்க வைப்பது தோட்டக் கணக்கு. சொல் பைபிளுடையதாக இருந்தாலும், கருத்தில் இந்தக் கவிதை எங்கட பக்கமே சாய்ந்து நிற்கிறது என்பது என் எண்ணம். ஆதம் நபி இறங்கிய இடமென்று நம்முன்னோர் சொன்ன, 1344இல் இப்னு பதூதா ஏறிய பாவாதமலை எங்கட இரத்தினபுரி மாவட்ட எல்லையில்தான் இருக்கிறது. குர்ஆன் இடத்தின் பேரைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மலையடியில் இருந்துகொண்டு இந்தக் கவிதையைப் படிக்கும்போது ஆதம் நபியை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது.

இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்கட மையவாடியிலயும் கல்லு கட்டுறல்லயே, ரெண்டு மீஸான் கட்டதானே. இதுல என்ன கொற?" நல்ல கேள்வி. முஸ்லிம் வாசகர் இந்தக் கவிதையைத் தவறவிடக்கூடிய இடமும் இதுதான். எங்கட கப்றின் எளிமை நாங்களே ஏற்றுக்கொண்டது. மையவாடி நிலம் ஜமாஅத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் புதைந்தவனுக்கு அந்த மண் ஒருபோதும் சொந்தமில்லை. செத்த பிறகும் அவன் தேயிலைக்கு உரம். அடையாளம் இல்லாததை அவன் தெரிந்தெடுக்கவில்லை.

2020 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு விளக்க வேண்டியிருந்திருக்கும். அந்த மாதம் வந்த வர்த்தமானி, கொவிட் தொற்றால் மரணித்தவர்களை எரிக்கவே வேண்டும் என்றது. 2021 பெப்ரவரி வரை அதுதான் சட்டம். பிறகு நல்லடக்கத்துக்கு இடம் கிடைத்தது, ஆனால் ஓட்டமாவடியில் மட்டும். சப்ரகமுவையில் மரணித்தவரும் நாட்டைக் குறுக்கே கடந்து அங்கேதான் போக வேண்டியிருந்தது. ஊர் ஜமாஅத்தார் திரண்டு நின்று மூன்று பிடி மண் போடுவது என்பதே இல்லாமல் போனது. மண் யாருடையது, அதை மறுக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி அப்போது எங்கட வீட்டுக்குள்ளேயே வந்தது. சி. வி. அதை அறுபத்தாறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தார். நாங்கள் அதை மலையகத்தாரின் கவிதை என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

குறையென்று ஒன்று சொல்வேன். நான் குறிப்பிட்ட அந்த வரிகளில் முதல் இரண்டு பிடி மண் இருக்கிறது, மூன்றாவது இல்லை. செத்தவன் எழுவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. பைபிளின் மண்ணைக் கொண்டுவந்த சி. வி., அந்த வேதம் சொல்லும் உயிர்த்தெழுதலையும் கொண்டுவராமல் விட்டார். வேண்டுமென்றுதான் விட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுமையைச் சொல்லியிருந்தால், இம்மையில் தோட்டக் கம்பெனி தீர்க்க வேண்டிய கடனைப் பற்றி ஆர் கேட்டிருப்பார்?