‘வியட்கோன்’ நாடகமும் அகதியின் மொழியும்

அகதியை அரங்கிற் கொணரும் நாடகங்கள் பெரும்பாலும் அவனை இரக்கத்திற்குரியவனாகவே காட்டுவன. குய் நுயென் எழுதி, 2015 இல் கலிபோர்னியாவில் முதன்முதல் மேடையேறிய ‘வியட்கோன்’ அவ்வழக்கினின்றும் விலகுவது. 1975 இல் சைகோன் வீழ்ந்தபின் ஆர்கன்சோ மாநிலத்துச் சாபி கோட்டை முகாமிற் சந்தித்த தம் பெற்றோரின் காதலை அடிப்படையாகக் கொண்டு ஆசிரியர் இவ்வின்பியலை ஆக்கியுள்ளார்.

இந்நாடகத்தின் சிறப்பு அதன் மொழியமைப்பிலேயே தங்கியுள்ளது. வியட்நாமியர் இற்றைநாள் அமெரிக்க வழக்கிற் சரளமாகப் பேசுகின்றனர். உள்ளக் கொதிப்பு மிகுமிடத்து ‘றப்’ பாட்டாகப் பொழிகின்றனர். அமெரிக்கரோ உணவுப் பெயர்களையும் கூச்சல்களையும் பொருளின்றி அடுக்குகின்றனர். அந்நிய மொழியில் தடுமாறுவோனை நகைக்கும் பழைய உத்தி இங்குத் தலைகீழாகின்றது. அகதியின் செவிக்கு எட்டிய ஒலியையே அவையோரும் கேட்கின்றனர்.

எனினும், நகை துயரை மறைத்துவிடவில்லை. ஹெலிகொப்ரர் ஓட்டியான குவாங், மனைவியையும் மக்களையும் தாயகத்தில் விட்டு வந்தவன். அவர்களிடம் மீளும் வழி தேடி மோட்டார் சைக்கிளிற் கலிபோர்னியா நோக்கிச் செல்கின்றான். ஆதலால், தொங் என்பாளுடன் அவன் கொள்ளும் காதல், இழப்பை ஏற்கும் வேதனையினின்றும் பிரிக்கவொண்ணாதது.

இறுதிக் காட்சியில் மகனின் வினாக்களுக்கு விடையிறுக்கும் முதிய தந்தை, அப்போரைத் தவறென்று மட்டுங் கொள்ளும் அமெரிக்கப் பார்வையை ஏற்க மறுக்கின்றார். நகைச்சுவையினின்றும் நாடகம் இவ்வாறு திடீரெனத் திரும்புவதைச் சிலர் குறையெனக் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அவரை இரக்கப்பொருளாகவன்றி, விருப்பும் வெறுப்பும் நகையுமுடைய மனிதராக அவை முன்னரே அறிந்துகொண்டது. அதனாலேயே, அவர் கருத்துடன் உடன்படாதோரும் அதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.